காக்கி டவுசரும் கன்னி நாய்களும்

எனக்குச் சீராக வந்தவை இரண்டு கன்னி நாய்கள். கோவில்பட்டிப் பக்கம் பெண்ணோடு வேட்டை நாயையும் அனுப்புவது உண்டு. திருவொற்றியூரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். மளிகைக் கடைக்காரனுக்கு நாய் எதற்கு என்று முகத்தைத் தூக்கிய என் வீட்டுக்காரர், முதல் முயல் பிடிபட்டதுமே ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்காரராகிவிட்டார். எர்ணாவூரைத் தாண்டினால் அப்போதெல்லாம் முள்காடுதான்.

கன்னி நாய் சும்மா குரைக்காது. வேட்டைக்குக் கிளம்புகிறோம் என்று தெரிந்தால் மட்டும் தெருவையே எழுப்பிவிடும். அதற்கு அடையாளம் இவருடைய காக்கி டவுசர். இவர் அதில் காலை நுழைத்ததுமே இரண்டும் வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடி ஓடிக் கத்தும்.

பக்கத்துப் போர்ஷனில் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர் தனியாகக் குடியிருந்தார். எப்போதும் நைட் ஷிப்ட்; விடியும்போதுதான் வந்து படுப்பார். ஒரு ஞாயிறு கதவைத் தட்டினார்.

"இன்னாமா இது பேஜாரு? மன்சன் தூங்க வாணாவா? இன்னொரு தபா கத்திச்சுன்னா ஓனராண்ட சொல்லிடுவேன், ஆமா."

வீட்டு ஓனருக்கு நாய் என்றாலே ஆகாது. காதில் விழுந்தால் இரண்டையும் ஊருக்கு ரயிலேற்ற வேண்டியதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த ஊரில் என் பிறந்த வீடு என்று இருந்தது அவை மட்டும்தானே.

அடுத்த வாரம் இவர் டவுசரைப் பைக்குள் ஒளித்துவைத்து, வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகப் பரம பக்தரைப் போலக் கிளம்பினார். நாய்கள் பையை ஒருதரம் முகர்ந்தன. அவ்வளவுதான், பழைய கூச்சல்.

"அதுகளுக்கு இருக்க மூளையில பாதி நமக்கு இருந்தாப் போதும்" என்றேன்.

கடைசியில் கிரேன்காரரே வழி சொன்னார். "டவுசரு, பையி எல்லாம் என் வூட்ல இருக்கட்டும். ஞாயித்துக்கெளம நானே சைக்கிள்ல மின்னாடி போயி எர்ணாவூராண்ட குடுத்துட்டு வந்து தூங்குறேன். இந்தக் கத்தலுக்கு அதுவே மேலு."

அதன்பிறகு ஞாயிறுகள் சத்தமில்லாமல் விடிந்தன. நாங்கள் பெரிய கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம். நாய்களோ வேறு கணக்குப் போட்டிருக்கின்றன: இந்த ஆள் சைக்கிளோடு நின்றால் வேட்டை!

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, ஷிப்ட் முடிந்து அவருடைய சைக்கிள் தெருவுக்குள் திரும்பியது. இரண்டும் வாசலில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அப்படிக் கத்தின. புதன்கிழமையும் அதே கதை. வாரம் ஒருநாள் கச்சேரி தினக் கச்சேரியானது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயம்.

யார் சொன்னார்களோ, சனிக்கிழமை விடிந்ததும் ஓனர் வந்து நின்றார். நாய்களைக் கட்டிவைக்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டு நான் வாசலுக்கு ஓடினேன். அதற்குள் கிரேன்காரர் வந்துவிட்டார். நாய்கள் அவர் மேல் விழுந்து கத்தின.

"தெனம் இந்தக் கூத்துதானா? உன் தூக்கம் போவுதாமே?" என்றார் ஓனர்.

"போவுது. அதுக்கு இன்னா இப்போ? இத்தினி வருசமா வேலைக்குப் போயி வந்துகினு கீறேன். வந்துட்டியான்னு கேக்க ஒரு நாதி கீதா? இதுங்க கேக்குது."

பிறகு என் கையைப் பார்த்தார்.

"சங்கிலிய உள்ள வைமா" என்றார்.