பாப்பா என்ற லேயர்

ஏழு வயது வரை என்னிடம் "நேரா நட" என்று சொல்லாதவர்கள் வீட்டில் யாருமில்லை. என் இடது கால் பிறவியிலேயே கொஞ்சம் குட்டை. அம்மா சொல்வாள், அப்பா சொல்வார், பயிற்சி கொடுக்க வரும் அக்காவும் சொல்வாள். சித்தப்பா ஒருவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எப்டி நடப்பியோ அப்டியே நட பாப்பா" என்றார். சைதாப்பேட்டை வீட்டு வராந்தாவில் அன்று நான் மகாராணி மாதிரி நடந்தேன்.

சித்தப்பா கம்ப்யூட்டரில் பொம்மைப் படம் செய்கிறவர். வேலை வந்த மாதங்களைவிட வராத மாதங்கள் அதிகம். அப்போது தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் கிடைத்திருந்தது. புடவை மூட்டையைத் திருடிக்கொண்டு போகும் ஒரு தொப்பைத் திருடன். அவன் எப்படி நடக்கவேண்டும் என்பதை முதலாளி முடிவு செய்வார். அதற்காக ஒரே திருடனை மூன்று விதமாக நடக்கவிட்டு, தனித்தனி லேயராக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்திருந்தார் சித்தப்பா. ஒவ்வொரு லேயர் பக்கத்திலும் ஒரு குட்டிக் கண். அதை அமுக்கினால் அந்த நடை மறையும், மறுபடி அமுக்கினால் வரும். மேலே 'சாதா', அதன் கீழே 'துள்ளல்', எல்லாவற்றுக்கும் அடியில் 'பாப்பா'. அதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலாளி வீட்டுக்கே வந்தார். திருநெல்வேலிக்காரர். முதல் இரண்டையும் கொட்டாவி விடாத குறையாகப் பார்த்தார். மூன்றாவதில் திருடன் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்ததும் தொப்பை குலுங்கச் சிரித்தார். 'சாதா'வையும் சேர்த்துக் காட்டச் சொன்னார். நேராக நடப்பவன் பக்கத்தில் என் நடை இன்னும் சிரிப்பாக இருந்தது.

"இத இன்னொருக்கா போடும்வே. இவன்தான் நம்ம ஆளு. அதென்ன, பாப்பா?"

"சும்மா வெச்ச பேரு சார்," என்றார் சித்தப்பா. என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று பேரில் நான் ஜெயித்துவிட்டேன்! அவர் போனதும் அடுப்படிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "உனுக்கு வேற காலே கெடைக்கலியா?" என்றாள்.

"வெறும் லேயர் அண்ணி. யாரு காலுன்னு எவனுக்குத் தெரியப் போவுது?"

அப்பாவுக்கு அன்று பேப்பரில் படிக்க நிறைய இருந்தது. அம்மா அன்றோடு சித்தப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள். நான் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினேன். பெற்ற பெண்ணுக்குப் பேர் கிடைத்தால் இப்படியா பொறாமைப்படுவாள்?

சித்தப்பா கெட்டவரில்லை என்று இன்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

ஆடி மாதம், உயரம் வைத்த செருப்பு வாங்க அம்மா என்னைத் தி. நகருக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கடை வாசலில் பெரிய திரை. திருடன் சாய்ந்து சாய்ந்து வந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். அம்மாவின் கையை உதறிவிட்டு, திரைக்குக் கீழே அவனோடு சேர்ந்து நடந்து காட்டினேன். "அது நான்தான்!"

சிரிப்பு இன்னும் பெரிதானது. அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். மாம்பலம் ஸ்டேஷன் வரை இறக்கவே இல்லை. எனக்குக் கால் வலிக்கும் என்றுதான் தூக்கினாள் என்று நினைத்தேன். வலிக்கலம்மா, எறக்கி வுடு, நான் நல்லா நடப்பேன் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.