பீர்மேட்டு காரும் செகண்ட் கியரும்

ஒரு வெள்ளிக்கிழமை காலை சரஸ்வதி என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து அழாத குறையாக நின்றார். எருத்தேன்பதியில் வீட்டிலேயே சமைத்து, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனித் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுப்பவர். பாத்திரங்களை ஏற்றிப்போன ஆட்டோக்காரர் கல்ஃபுக்குக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை சோறு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"ஏனுங்ணா, போன்ல ஒரு காரு பாத்தேனுங்க. பீர்மேட்டுல நிக்குது. வெலை ரொம்பக் கம்மிங்க. கியர்ல மட்டும் சின்ன கம்ப்ளெயிண்ட்டாமா. நீங்க ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்ணா."

விற்கிறவர்களின் 'சின்ன' எனக்குப் பழக்கம். இன்ஜினே இல்லாத வண்டியைக்கூட 'சின்ன வேலை இருக்கு' என்று விற்கப் பார்த்தவர் உண்டு. போகவே கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு அவரோடு பஸ் ஏறிவிட்டேன்.

கார்க்காரர் அருளப்பன் பீர்மேட்டு மலையில் தேயிலை எஸ்டேட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூடிமறைக்கிற ஆள் இல்லை.

"ஒளிச்சு வைக்க ஒண்ணும் இல்ல மேஸ்திரி, கேட்டுக்கிடுங்க. நான் தனியா போனா எறக்கத்துல செகண்ட் கழண்டு நியூட்ரலுக்கு வந்துரும். மேரி கூட வந்தா கழலவே கழலாது. அவ ஜெபம் அப்படி."

மேரி அவருடைய மனைவி. "சும்மா இருங்க" என்று கூச்சத்தோடு சொன்னாலும் அந்தப் பெருமையை அந்த அம்மாள் மறுக்கவில்லை.

ஜெபத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கியர் பாக்ஸ் ஆள் பார்த்துக் கழலாது. டெஸ்ட் டிரைவுக்கு நான் ஸ்டீயரிங் பிடித்தேன். மேரியம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார்; அதுதான் அவருடைய இடமாம். சரஸ்வதியும் அருளப்பனும் பின்னால்.

இறக்கம் வந்தது. செகண்ட் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். ஏற்றத்தில் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும். இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ளும். கியர் தேய்ந்திருந்தால் அப்போதுதான் கழலும். கழலவில்லை. வளைவுக்கு வளைவு பார்த்தேன், அசையவில்லை. மேரியம்மா கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் கியரிலிருந்து கையை எடுத்ததும் அவர் கை அங்கே வந்து இறுகப் பிடித்துக்கொண்டது. பயந்த சுபாவம், எதையாவது பிடித்துக்கொள்கிறார் என்று விட்டுவிட்டேன். எத்தனையோ கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்ட எனக்கே ஜெபத்தின் மேல் சந்தேகம் குறைய ஆரம்பித்தது.

கடைத்தெருவில் மீன் வாங்க மேரியம்மா இறங்கினார். சரஸ்வதி முன்னால் வந்து, கையை மடியில் வைத்து அடக்கமாக உட்கார்ந்தார். அடுத்த இறக்கத்திலேயே 'டக்'. கியர் நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகத் துள்ளியது. சரஸ்வதி ஊரில் உள்ள சாமிகளை எல்லாம் கூப்பிட்டார். நான் பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன்.

"நான் சொல்லல? மேரி எறங்கிட்டால்லா" என்றார் அருளப்பன், வழக்கில் ஜெயித்தவர் மாதிரி.

திரும்பிப் போய் மேரியம்மாவை மீன் பையோடு முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, இந்தத் தடவை ரோட்டோடு அந்தக் கையையும் கவனித்தேன். விஷயம் விளங்கிவிட்டது.

"அம்மா, கியரை எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"இவியதான் ஒரு நாளு எறக்கத்துல 'ஏட்டி, இதக் கொஞ்சம் பிடி'ன்னு சொன்னாவ. அதுலேருந்து பிடிக்கேன்."

"அது எந்தக் காலத்துல! நான் மறந்தே போனேன்" என்றார் அருளப்பன்.

"பிடின்னு சொன்னிய. விடுன்னு இதுவரைக்கும் சொல்லலியே!"

சரஸ்வதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

சிரிப்பு வேறு, தீர்ப்பு வேறு. வண்டியை அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி அடியில் படுத்தேன். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தாலும் கியர் கழலும். அது சரியாகவே இருந்தது. கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்தேன். இரும்புத் துண்டு வந்திருந்தால் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். மை மாதிரி நைசான தூள்தான் இருந்தது. தேர்டில் இழுத்துப் பார்த்ததில் கிளட்ச் நழுவவில்லை. மலையிலேயே கிடந்த வண்டி. செகண்டைத்தான் அரைத்துத் தள்ளியிருந்தார்கள். ஃபோர்த்தும் ஃபிஃப்த்தும் அநேகமாகப் புதுசு.

"செகண்ட் மட்டும் போச்சுங்க. பாக்ஸை இறக்கி வேலை பார்த்தா சரியாயிரும். அதுவரைக்கும் இறக்கத்துல ஜாக்கிரதையா இருக்கோணும்" என்றேன்.

"எங்கூருல எறக்கம்னா கெணத்துக்குள்ளதானுங்ணா. வாங்கிப்போடலாம்" என்றார் சரஸ்வதி.

அருளப்பன் தானாகவே விலையைக் குறைத்தார். வரும் வழியில் மலை இறங்கும்வரை சரஸ்வதி கியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை சோறு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கே பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் காலிப் பாத்திரங்களோடு சரஸ்வதி காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். "ரெண்டு நாள் வண்டி நிக்கட்டும், பாக்ஸை இறக்கிடறேன்" என்றேன் உற்சாகமாக.

"சரிங்ணா. அந்த ரெண்டு நாளும் சோறு எதுல போகும்?"

ஆயில், மவுண்ட், கிளட்ச் எல்லாம் பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

போனது என் ஜீப்பில். சரஸ்வதி சோறு போட, நான் சாம்பார் ஊற்றினேன். வடநாட்டுப் பையன்கள் தட்டை நீட்டி "பையா, அவுர் தோடா" என்று இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். சூப்பர்வைசர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "புதிய சப்ளையர் ஆணோ?" என்று மலையாளத்தில் கேட்டார், புது சப்ளையரா என்று. கியர் மெக்கானிக் என்று சொன்னால் சாம்பாரைச் சந்தேகப்படுவாரோ என்று தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். ஒர்க்‌ஷாப்பில் காத்திருந்த கஸ்டமர்கள் போனில் திட்டிய திட்டைத் தனியாக எழுத வேண்டும்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மலிவான வண்டி தேறுமா என்று யாராவது கேட்டால், பானெட்டைத் திறப்பதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: வண்டி ரிப்பேருக்கு நிற்கிற நாளில் உங்கள் பிழைப்பு எதில் ஓடும்? இப்போதெல்லாம் நான் முதலில் இதைத்தான் கேட்கிறேன். பதில் இல்லாதவரிடம் வாங்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

சரஸ்வதியிடம் அதைக் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் அந்தக் காரை அவர் வாங்கியிருக்கவே மாட்டார். கம்பெனிக்கு வேறு யாரோ சோறு கொண்டுபோயிருப்பார்கள்.