வலையைத் தாண்டியவள்

ராயபுரத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொண்ட வயதில் நான் விழக் கற்றுக்கொண்டேன். ஏழாவது படிக்கிறேன், காலாண்டு லீவு. என்னைவிட இரண்டு வயது பெரியவனான அத்தை மகன், செல்போனில் பார்க்கூர் வீடியோக்களைப் பார்த்தே தன்னை மாஸ்டராக்கிக்கொண்டவன். சுவரேறித் தாண்டுவது, கைப்பிடிச் சுவர்மேல் ஓடுவது, எட்ட இருக்கும் திட்டுக்குத் தாவி அசையாமல் நிற்பது, இதெல்லாம் பார்க்கூர். ஆனால் முதல் பாடம் விழுவதுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

கடலோரம் கொட்டியிருந்த கருங்கற்களுக்குப் பக்கத்து மணலில் நாலு நாள் விழுந்தேன். தோளைக் கொடுத்து உருண்டு எழ வேண்டும். எனக்கு உருளத்தான் வந்தது, எழ வரவில்லை. தோள் கன்றிப்போனதற்கு சித்தியிடம் கதவு இடித்துவிட்டது என்றேன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால் என்னை மேய்ப்பது பக்கத்து வீட்டுச் சித்திதான். எந்தக் கதவு என்று அவள் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கல்லுக்குக் கல் தாவினேன். "சத்தமே வரக் கூடாது. பூனை குதிச்சா கேக்குதா இன்னா?" என்பான் மாஸ்டர். பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூவின் முன்பாதம் மட்டும் கல்லைத் தொட்டு, உடம்பு ஆடாமல் நின்ற அந்த முதல் தடவை, எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அவ்வளவு சந்தோஷம் அதுவரை நான் பட்டதில்லை.

வினை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று எங்கள் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். அந்தோணியார் கோயில் பூசை முடிந்ததும் சித்தப்பா வலையைத் தெருவின் குறுக்கே விரித்துப்போட்டு, ஊசியும் நூலுமாகக் கிழிசல் முடிந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் யாரோ ரிப்பேருக்குக் கரையேற்றி வைத்த ஃபைபர் போட்டு, எதிர்ப்பக்கம் தண்ணீர்க் குழாய்த் திட்டு. நடுவில் வலை. இதைவிட நல்ல அளவில் ஒரு தாவல் எங்கே கிடைக்கும்? போட்டின் விளிம்பில் ஏறித் தாவினேன். பூனை மாதிரித்தான் இறங்கினேன், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தியாடா மாஸ்டரு" என்று கத்தித் தொலைத்தேன்.

எங்கள் தெருவில் வலையைச் சுற்றித்தான் போவார்கள். தாண்டினால் மீன் படாது, அதுவும் ஷூக் காலோடு என்றால் கேட்கவே வேண்டாம். நடக்கப் பழகியபோதே சொல்லிக்கொடுத்தது, அந்தரத்தில் மறந்துபோயிற்று. சித்தி ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டுவந்து வலையின் நாலு மூலையிலும் தெளித்தாள். யார் கண்டது என்று ஒரு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி வீசினாள். பிறகு என் ஷூவைப் பிடுங்கி அரிசி டின்மேல் வைத்தாள்.

"நாளைக்கு மீனு படலன்னு வெச்சுக்கோ, இந்தக் குதியாட்டத்த இத்தோட மூட்ட கட்டிறணும். தெரிதா?"

சித்தப்பா முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் அந்தோணியாரிடம் போய் ஆறு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். சித்தப்பா பட்டினியாக வந்துவிடுவாரே என்ற கவலை கொஞ்சமும், ஷூ போய்விடுமே என்ற கவலை நிறையவும் இருந்தது. பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் பிந்தித்தான் வந்தார். கூடை நிறையச் சங்கரா மீன். "வலைய தாண்டுனா படாதுன்னு எவன் சொன்னான்? பாரு, எம்மாம் பட்டுக்கீது" என்று கூடையைச் சித்தியின் முன்னால் வைத்தார். சித்தி ஒரு மீனை எடுத்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். சித்தப்பாவின் முகத்தையும் பார்த்தாள். பிறகு அரிசி டின்மேலிருந்து ஷூவை எடுத்து என்னிடம் நீட்டி, "போட்டுக்கினு போ, மதியம் கொழம்புக்கு வந்துரு" என்றாள். நானும் ஒரு மீனைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. கடல் மீன் அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு கற்களைப் பார்க்க ஓடினேன்.

கல்லூரிக்குப் போன பிறகுதான், ஒரு விடியற்காலை சித்தியோடு காசிமேட்டு ஏலத்துக்குத் துணைக்குப் போனேன். நாள்கணக்கில் கடலில் தங்கும் லாஞ்சுகளிலிருந்து ஐஸ் கலந்த மீனை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சங்கராவை எடுத்தேன், விரல் மரத்தது. அன்றன்றே கரை திரும்பும் சித்தப்பாவின் ஃபைபர் போட்டில் ஐஸ் ஏது? இருபது வருடமாக மீன் விற்ற சித்தியின் விரலுக்கு அது அன்றைக்கே, முதல் தொடுதலிலேயே தெரிந்திருக்கும்.

நான் தாண்டிய வலையில் அன்றைக்கு ஒரு மீன்கூடப் படவில்லை.