பதினான்கு வேகனுக்கு அப்பாலிருந்து வந்த எண்கள்

விசாரணையில் சத்தியம் செய்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாக்கி டாக்கிப் பேச்சின் ஒலிப்பதிவும் இருக்கிறது. நம்பாதவர்கள் கேட்டுப் பார்க்கலாம். நான் இன்னொரு முறை கேட்க மாட்டேன்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எங்கள் சரக்கு ரயில்பாதை மொத்தம் நாற்பத்தோரு மைல். லாபமில்லை என்று பெரிய கம்பெனி கைவிட்டதைக் கோதுமை விவசாயிகள் சேர்ந்து வாங்கினார்கள். ஒரே எஞ்சின். ஓட்டுவதற்கு நான், மற்ற எல்லாவற்றுக்கும் கார்டு ஆர்லன் வெட்சல். இன்னும் மூன்று வாரத்தில் தகப்பனாகப் போகிறவன்.

ஜனவரி 17, மாலை 4:52. பனிப்புயல். பதினான்கு காலி வேகன்களைத் தானியக் கிடங்கை நோக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் ஆர்லன். இன்னும் எத்தனை வேகன் நீளம் போக வேண்டும் என்று அவன் வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்லத்தான் நான் நகர முடியும். சொன்ன தூரத்தில் பாதி போவதற்குள் அடுத்த எண் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும். கார்டு விழுந்தால் அந்த மௌனம்தான் அவனைக் காப்பாற்றும்.

“முப்பது. மெதுவா வா பெருசு, உன் பொண்டாட்டி சமையலுக்கு என்ன அவசரம்?”

அவன் குரலுக்குப் பின்னால் காற்று ஊளையிட்டது.

4:55. “இருபது. எறங்கி முன்னால நடக்குறேன். பனி குமிஞ்சிருக்கு.”

ரயிலை நிறுத்திய பிறகுதான் இறங்க வேண்டும். நாங்கள் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அந்தப் பனியில் சக்கரம் மறுபடி உருளாது.

4:57. “பதினஞ்சு.”

காற்றுச் சத்தம் இல்லை.

“பன்னெண்டு... பத்து...”

கேலியும் இல்லை. எண்கள் தூரத்தைவிடச் சீக்கிரமாகக் குறைந்தன. பெரிய கம்பெனி காலத்துக் குட்டை வேகன்களைக் கொண்டு யாரோ அளப்பதுபோல.

“டேய், எங்கடா நிக்கிற?”

“எட்டு.”

“புள்ளைக்கு என்ன பேரு வெக்கப் போற? சொல்லுடா.”

மூச்சுகூடக் கேட்கவில்லை.

“ஆறு.”

எண் வருகிறது. விதிப்படி நிறுத்தக் காரணமில்லை.

“நாலு...”

அவசர பிரேக்கை இழுத்தேன். 5:00.

ஓடினேன். விழுந்தேன். எழுந்து ஓடினேன். பதினான்கு வேகன். கடவுளே, அந்தப் பிள்ளை பிறக்கட்டும்... அப்பன் முகத்தைப் பார்க்கட்டும்...

தண்டவாளம் பிரியும் இடத்தில் ஆர்லனின் கால் சிக்கியிருந்தது. நெற்றியில் ரத்தம். அவன் பூட்ஸைத் தொட்டபடி சக்கரம் நின்றிருந்தது.

அவன் வாக்கி டாக்கி பனியில் உடைந்து கிடந்தது. பேட்டரி தனியே.

“ஏன் நிறுத்தல, பெருசு?” என்றான். “நான் வாயே தெறக்கலயே...”

விசாரணையில் அந்தப் பதிவைப் போட்டார்கள். எல்லா எண்களும் இருந்தன. நான் பிரேக் போட்டதோடு அது முடியவில்லை.

5:04. நான் மண்டியிட்டு ஆர்லனின் பூட்ஸை அறுத்துக்கொண்டிருந்த நேரம். என் வாக்கி டாக்கி எஞ்சினிலேயே இருந்தது. எஞ்சினில் ஆள் இல்லை.

“மூணு... ரெண்டு... ஒண்ணு. போதும்.”

அதற்கு எஞ்சினிலிருந்து ஒரு பதில்.

“நிறுத்திட்டேன்.”

அது என் குரல்.