தொட்டிக்குள் கடல், வீட்டுக்குள் சத்தம்

கடல்மீன் தொட்டி பராமரிக்கிறவனுக்கு மீன் செத்தால் ஒருநாள் திட்டு. தொட்டியில் சத்தம் வந்தால் தினமும் திட்டு. பவளத் தொட்டியை ஆசையாக வாங்கி வைத்துவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் அன்பர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு மோட்டார்தான் இரைந்தது. எனக்குக் குவைத் முழுக்க இரைந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் ஒரு அலங்கார மீன் கடையில் வேலை பார்த்தேன். 'மீன் கடை' என்று மட்டும் சொன்னதால், நான் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருப்பதாக ஊரில் ரொம்ப நாள் நினைத்தார்கள். கடை முதலாளி கீழக்கரை பாய். எனக்குத் துணையாக முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து செல்லப்பாண்டி புதிதாக வந்து சேர்ந்தார். அவர் வந்த நேரமோ என்னவோ, எங்கள் பெரிய வாடிக்கையாளரான அபு காலித் என்ற குவைத்தி, தொட்டி இரைச்சல் நிற்காவிட்டால் தொட்டியையே தூக்கிவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். பாய் எதையும் ஒளிக்காதவர். "அந்தத் தொட்டி போச்சுன்னா எனக்கு ஒரு ஆளு போதும். பாண்டியை ஊருக்கு அனுப்புறதத் தவிர வேற வழியில்ல" என்றார். வீடு வீடாக விருந்து சாப்பிட்டு, தெருவே கூடி வழியனுப்ப வந்த மனிதர் பாண்டி. வந்த சூட்டோடு திரும்பிப் போய் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது என்பதுதான் அவருடைய கவலை.

மூடாத குழாய்

மங்காஃபிலேயே ஒரு தமிழ் இன்ஜினியர் வீடு. மேலே தொட்டி, கீழே அலமாரிக்குள் வடிகட்டும் தொட்டி. தண்ணீர் இறங்கும் குழாய் காற்றையும் சேர்த்து உறிஞ்சி 'களக் களக்' என்று ஒரு பாட்டு. விசிட் விசாவில் வந்திருந்த அவருடைய அப்பாவுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே பாத்ரூம் போக வேண்டும். அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் சோபாவில் உட்கார முடியவில்லை. மகன் பயந்துபோய்ச் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார். ஒன்றும் இல்லை.

குழாயில் ஒரு வால்வு பொருத்தித் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தேன். காற்று புகாமல் குழாய் நிறைந்து இறங்கினால் சத்தமே வராது. அடைத்துக்கொண்டால் வரவேற்பறை குளமாகிவிடும் என்பதால் பக்கத்தில் உபரியாக இன்னொரு குழாயும் வைத்தேன். பெரியவர் சோபாவில் சாய்ந்து ஒரு சீரியலை முழுசாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சுகர் இல்லன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே உன்னையக் கூப்பிட்டிருக்கணும் தம்பி!"

கண்ணாடி விரிசல்

அடுத்து ஒரு மலையாளித் தம்பதி. தொட்டியிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வருகிறது, கண்ணாடி விரிகிறது, உடனே வாருங்கள் என்று போன். நானும் பாண்டியும் போனபோது, கம்பளத்தைச் சுருட்டி, சோபாவைப் படுக்கையறைக்குள் தள்ளி, வெள்ளத்தை எதிர்பார்த்துத் தயாராக இருந்தார்கள். கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பவளப் பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த இறால் ஒன்று பொந்துக்குள் இருந்தது. சின்ன உருவம்தான். ஆனால் ஒரு கொடுக்கைச் சொடுக்கினால் துப்பாக்கி வெடிக்கிற மாதிரி சத்தம். பாறையோடு தூக்கி வாளியில் போட்டோம். தம்பதிக்கு உயிர் வந்தது. பாண்டி வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வறுத்தா ஒரு வாய்க்குக் காணாதுண்ணே இது, இதுக்குப் பயந்தா சோபாவத் தூக்கிட்டு அலைஞ்சாக?"

இறுக்கிப் பிடி

அபு காலித்தின் தொட்டி அவருடைய திவானியாவில் இருந்தது. ஆண்கள் கூடி டீ குடித்துப் பேசும் பெரிய கூடத்துக்கு அங்கே அதுதான் பெயர். பேச்சுக்கு நடுவே 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? மோட்டாரைக் கழற்றி, படிந்திருந்த உப்பை வினிகரில் ஊறவைத்துக் கழுவினோம். அடியில் ரப்பர் மெத்தை வைத்தோம். ரீங்காரம் அப்படியே இருந்தது. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எது ஆடினாலும் இறுக்கிக் கட்டிவிடுவோம். சுவரையொட்டிப் போன குழாயைக் கிளாம்ப் மேல் கிளாம்ப் போட்டு முறுக்கினோம். சத்தம் கூடியது. இன்னும் முறுக்கினோம். இன்னும் கூடியது.

எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று முடிவுகட்டிய முகத்தோடு பாண்டி அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்ந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்து சொன்னார்: "அண்ணே, இந்தச் செவுரு என் முதுகப் பிடிச்சு விடுதுண்ணே!"

மாஃபி

அது ஜிப்சம் பலகைச் சுவர், உள்ளே வெற்றிடம். மோட்டாரின் அதிர்வை நாங்களே கிளாம்ப் போட்டுச் சுவருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம். சுவர் முழுக்கப் பறையாகிவிட்டது. எல்லாக் கிளாம்பையும் கழற்றினோம். கெட்டிக் குழாயை நடுவில் வெட்டி, வளையும் ரப்பர் குழாயைச் செருகித் தொய்வாக விட்டோம். அவ்வளவுதான், கூடம் அமைதியாகிவிட்டது. அபு காலித் வந்து நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு பாண்டியைப் பார்த்துச் சொன்னார்: "ஸோத் மாஃபி! கலாஸ்!"

பாண்டிக்கு அதுவரை தெரிந்த அரபி, மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது என்பதுதான். 'ஸோத்' அவருக்குத் தமிழாகவே கேட்டுவிட்டது. கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சோத்துக்கு மாஃபிங்கிறாருண்ணே. நம்ம கதை கலாஸா?"

'ஸோத்' என்றால் அரபியில் சத்தம். சத்தம் இல்லை, வேலை முடிந்தது என்றுதான் அவர் சொன்னார் என்று பாண்டிக்கு விளக்குவதற்குள் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன. அன்றைக்கு எனக்கிருந்த நிம்மதி போல வேறு எந்த வேலையிலும் இருந்ததில்லை. பாண்டி என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சு விட்டார். என்ன விஷயம் என்று அபு காலித் விசாரித்தார். தமிழில் சோறு என்றால் என்ன என்று சொன்னேன். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குவைத்தில் சோற்றுக்கு 'ஏஷ்' என்று பெயர். சமையல்காரரைக் கூப்பிட்டு, ஆட்டுக்கறியும் சோறுமாக ஒரு பெரிய தாம்பாளத்தை எங்கள் முன்னால் வைக்கச் சொன்னார். பாண்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்: "ஸோத் மாஃபி, ஏஷ் வாஜித்!" சத்தம் இல்லை, சோறு நிறைய!

எல்லாரும் சத்தம் போட்டுப் பிழைக்கிற உலகத்தில், சத்தத்தை நிறுத்திச் சோறு சாப்பிட்டவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.