பதினாலாம் நம்பர் மிஷினின் சுதி

1. ஒரு புகார்

முப்பது வருடம் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவனிடம் என்ன புகார் வரும்? பெல்ட் அறுந்துவிட்டது, பேரிங் சூடாகிறது, ஸ்பிண்டில் ஆடுகிறது. இவ்வளவுதான். எண்பதுகளின் கடைசியில் ஒரே ஒரு நாள், எந்த மில்லிலும் எந்த ஃபிட்டரிடமும் வந்திருக்காத புகார் ஒன்று என்னிடம் வந்தது.

எங்கள் மில் அருப்புக்கோட்டையைத் தாண்டி, பந்தல்குடி போகிற ரோட்டில் இருந்தது. எனக்கு ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்டில் வேலை. ஒரு ஃபிரேமில் நானூறு ஸ்பிண்டில் சுற்றும், ஒவ்வொன்றிலும் நூல் முறுக்கேறும். அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே மிஷினின் பக்கவாட்டில் நடப்பவர்களை சைடர் என்போம். பதினாலாம் நம்பர் மிஷினில் இருளாயி சைடர். இருபத்தொரு வயசு இருக்கும். நரிக்குடிப் பக்கம் ஊர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை.

ஒருநாள் காலை ஷிப்டில் என் மேஜைக்கு வந்து, காதோரம் கத்தினாள். "அண்ணே, என் மிசினு சுதி எறங்கிப் போச்சு. வந்து பாருங்க."

"என்ன எறங்கிப் போச்சு?"

"சுதிண்ணே, சுதி!"

சிரித்துவிட்டேன். "சுதி பாக்கணும்னா நாயனக்காரரைக் கூப்புடு தாயி. என்னைய எதுக்குக் கூப்புடுற?"

"சிரிச்சுக்கிட்டே வாங்க. ஆனா வாங்க."

போனேன். என் காதுக்கு எப்போதும் போல ஒரே இரைச்சல். இவளை அனுப்பிவைப்பதற்காகத்தான் வேகம் அளக்கிற டேக்கோமீட்டரை வைத்துப் பார்த்தேன். வேகம் நிஜமாகவே குறைந்திருந்தது. மோட்டார் பெல்ட் தளர்ந்து நழுவிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை விட்டிருந்தால் கருகியிருக்கும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் ஒரு ஆர்மோனியக்காரன். மில்லுக்கு வருமுன் ஐந்து வருடம் நாடகங்களுக்கு வாசித்தவன். கல்யாணம் ஆனது, மில்லில் வேலை நிரந்தரமானது, ஆர்மோனியத்தை வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டேன். சம்பளம் வாங்குகிறவனுக்குப் பாட்டு எதற்கு என்பது அப்போது என் கட்சி. சுதி, தாளம் என்று அலைந்த எனக்குக் கேட்காதது, அத்தனை இரைச்சலிலும் இந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. அம்மாடி என்று நின்றுவிட்டேன்.

2. உதடு

ரிங் ஃபிரேம் டிபார்ட்மென்டில் யாரும் குரலெடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. எல்லாம் உதட்டசைவுதான். பத்து மிஷின் தள்ளி நிற்பவர் 'டீ குடிச்சாச்சா' என்பதை உதட்டிலேயே படித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குப் போயும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியவர்கள் எங்களில் அநேகம்.

ஆகவே இருளாயி நாள் முழுக்கப் பாடுகிறாள் என்பது டிபார்ட்மென்டுக்கே தெரியும். அவள் குரல் எப்படி என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. பாட்டெல்லாம் அவளே கட்டியது. நடந்துகொண்டே கட்டுவாள், இழையை ஒட்டிக்கொண்டே திருத்துவாள். இந்த அடி எனக்கு உதட்டிலேயே மனப்பாடம்:

வானம் பாத்த காட்டுல வரகு வெதச்சேன் ராசா
வந்த மழை பந்தல்குடி ரோட்டோட போச்சே ராசா

தன் பாட்டைத் தானே ரேடியோவில் பாட வேண்டும். அதுதான் அவள் ஆசை. வீட்டு நிலைமை வேறு. அப்பாவின் மானாவாரிக் காட்டில் இரண்டு வருடமாக விளைச்சல் இல்லை. தம்பி படிக்கிறான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதுவும் பதிலி வேலை. ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். அடிக்கடி லீவு போட்டால் நிரந்தரமாகிற பட்டியலில் பேர் வராது.

கேன்டீனில் ஒருநாள் அவளுக்குப் புத்தி சொன்னேன். "ரெண்டையும் கட்டி இழுக்க முடியாது தாயி. ஒண்ண விட்ரு."

"எத விடணும், நீங்களே சொல்லுங்கண்ணே. சோத்தையா, பாட்டையா?"

"பாட்டைத்தான்."

"நீங்க விட்டீகள்ல. நல்லாவா இருக்கீக?"

சுருக்கென்றது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அந்தக் கோடையிலிருந்து தினமும் மூன்று மணிக்குக் கரண்ட் போகும். முதல் நாள் போனபோது நான் பதினாலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அத்தனை மிஷினும் மெல்ல மெல்ல வேகம் தணிந்து முனகலாகி அடங்கின. அந்த முனகலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வெளியே வந்தது. மிஷின் இறங்க இறங்க அதுவும் கூடவே இறங்கி, மிஷின் நின்ற இடத்தில் நின்றது. பாடியதைத் தான் மட்டுமே கேட்பதாக நினைத்திருந்தவள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெயிலில் காய்ந்த ஊரில் இப்படி ஈரமான குரல் எங்கே இருந்தது?

அதற்குப் பிறகு நான் புத்தி சொல்லவில்லை. ரேடியோ நிலையத்துக்கு நாட்டுப்புறப் பாட்டு ஆடிஷனுக்கு எழுதிப் போட்டாள், கார்டு வந்தது, ஒருநாள் லீவு போட்டுப் போனாள்.

மறுநாள் முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"அந்த ரூம்ல சத்தமே இல்லண்ணே. நான் மூச்சு விடுறது எனக்கே கேக்குது. பயந்துட்டேன். சுதிப்பெட்டி அஞ்சரைக் கட்டையில ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். 'குரல் நல்லா இருக்கும்மா, சுதியில நிக்க மாட்டேங்குது. ஆறு மாசம் கழிச்சு வா'ன்னுட்டாக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் மிசினு இல்லாம எனக்குப் பாட வரலண்ணே."

3. புல்லி

அன்று ஷிப்ட் முடிந்ததும் பதினாலாம் நம்பர் அருகே போய் நின்று, அதன் முனகலை வாய்க்குள் பிடித்துக்கொண்டேன். 'ம்ம்ம்' என்று அதை விடாமல் சைக்கிளை மிதித்தேன். வழியில் தெரிந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்குள் நுழைந்து, அப்படியே முனகிக்கொண்டே பரணில் ஏறினேன்.

"என்னங்க ஆச்சு? வயித்து வலியா?" என்று பதறினாள் என் மனைவி.

ஆர்மோனியத்தை இறக்கித் தூசி தட்டி, அந்த முனகலோடு சேர்கிற கட்டையைத் தேடினேன். ஐந்து கட்டை பொருந்தவில்லை. ஐந்தரையும் பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்தது அந்த மிஷின். விஷயம் விளங்கிவிட்டது. எட்டு மணி நேரமும் எந்தச் சுதிப்பெட்டியிலும் இல்லாத சுதியில் பாடிப் பழகியவள், ஐந்தரைக்கு வைத்த பெட்டியோடு எப்படிச் சேர்வாள்? கரண்ட் போன அன்று அவள் குரல் மிஷினோடு சேர்ந்து இறங்கியதை அழகு என்று நினைத்தேனே, அதுதான் கோளாறு. அவள் மிஷினைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

அடுத்து நான் செய்ததை இப்போது வேலையில் இருக்கும் ஃபிட்டர்கள் யாரும் செய்யக் கூடாது. நூலின் கவுண்டை, அதாவது பருமனை, மாற்றும்போது பெல்ட் ஓடுகிற மோட்டார் புல்லியையும் மாற்றுவோம். அதனால் பல அளவுப் புல்லிகள் ஸ்டோரில் இருக்கும். மயிரிழை பெரிதாக ஒன்றை எடுத்து, யாரையும் கேட்காமல் பதினாலில் மாட்டினேன். ஸ்பிண்டில் வேகம் ஒரு துளி ஏறியது. மிஷின் ஐந்தரைக் கட்டைக்கு வந்து நின்றது.

இருளாயி இரண்டு அடி நடந்து, நின்று, மிஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு அசைந்தது: 'என்னண்ணே செஞ்சீக?'

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். நான் ஐந்தரையில் ஆர்மோனியத்தின் துருத்தியைப் போடுவேன், அவள் பாடுவாள். நடுவில் சத்தத்தை நிறுத்திவிடுவேன். அவள் இறங்காமல் நிற்க வேண்டும். முதலில் வழுக்கினாள். என் மனைவிகூட அடுப்படியிலிருந்து, "எறங்குது, எறங்குது!" என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டாள்.

நாலு மாசம் கழித்து ஸ்பின்னிங் மாஸ்டர் டேக்கோமீட்டரும் கையுமாக வந்து நின்றார். டிபார்ட்மென்டின் மொத்தப் பொறுப்பும் அவர் தலையில். கண்டிப்பான ஆள். ஆபீஸ் ரூமுக்குள் என்னையும் இருளாயியையும் கூப்பிட்டார்.

"பதினாலுல ஸ்பீடு கூடியிருக்கு. யாரைக் கேட்டுப் புல்லிய மாத்துன?"

எனக்குப் பொய் வாயில் வரவில்லை. "சுதி சேரலை சார்."

"என்னது?"

"இந்தப் புள்ளைக்கு அஞ்சரைக் கட்டை வேணும். மிசினு நடுவுல கெடந்துச்சு. அதான்..."

"மில்லு நடத்துறோமா, கச்சேரி நடத்துறோமாய்யா? ஸ்பீடு ஏறுனா இழை அறுந்து தொங்கும்னு உனக்குத் தெரியாது? ரெண்டு பேரும் வேலையைப் பாக்குற லெச்சணமா இது?"

என் வேலை போனால் போகட்டும், பதிலியாக நிற்கிற இவள் கதி? ஆனால் இருளாயி அசரவில்லை.

"அண்ணனை ஒண்ணும் சொல்லாதீக சார். அறுந்த இழைய எல்லாம் நான் ஓடி ஓடி ஒட்டிருக்கேன். நாலு மாசத்துல என் சைடுல வேஸ்ட்டுப் பஞ்சு கூடிருக்கான்னு நோட்டைப் பாருங்க. கூடியிருந்தா நானே போயிர்றேன்."

அவர் பார்த்தார். கூடவில்லை.

"அப்படி என்னத்தப் பாடுற நீ?"

"உள்ள கேக்காது சார். மூணு மணிக்குக் கரண்டு போகும்ல, வந்து கேளுங்க."

மாஸ்டரிடம் அப்படிப் பேசியவர்கள் யாரும் அந்த மில்லில் கிடையாது. என்ன நினைத்தாரோ, மூன்று மணிக்கு வந்து பதினாலின் தலைமாட்டில் நின்றார். இருளாயி பாடிக்கொண்டே இழை ஒட்டிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. மிஷின்கள் இறங்கத் தொடங்கின. ஐந்தரை, ஐந்து, நாலரை என்று பதினாலாம் நம்பர் சரிந்துகொண்டே போனது. அவள் குரல் சரியவில்லை. மிஷின் கைவிட்ட இடத்தில் அந்தக் குரல் தனியாக நின்றது. வந்த மழை பந்தல்குடி ரோட்டோட போச்சே ராசா. டிபார்ட்மென்டில் ஒருவர் அசையவில்லை. இத்தனை நாள் உதட்டில் பார்த்த பாட்டை முதன்முதலாக முழுசாகக் கேட்கிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் அவளிடம் கேட்டார். "யாரு எழுதுனது?"

"நான்தான் சார். சைடு நடக்கையில கட்டுனது."

கரண்ட் வந்தது. போகிற போக்கில் மாஸ்டர் என் காதருகே குனிந்து, "புல்லி இருக்கட்டும். வேஸ்ட்டு ஒரு பிடி கூடுச்சு, ரெண்டு பேரையும் தொலைச்சுருவேன்" என்றார். அடுத்த ஆடிஷனுக்கு லீவு கேட்டபோது தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார்.

4. கேன்டீன் ரேடியோ

இரண்டாம் தடவை தேறினாள். பாட்டைப் பதிவு செய்துகொண்டு, ஒலிபரப்பாகிற நாளைக் கார்டில் எழுதி அனுப்பினார்கள். அன்று காலை அவளுக்கு ஷிப்ட். நிரந்தரப் பட்டியல் வருகிற சமயம், லீவு போட முடியாது. "ரெக்கார்டு பண்ணுனதுதானண்ணே, நான் எங்க இருந்தாலும் அது பாடும்" என்று சொல்லிவிட்டாள்.

கேன்டீன் ரேடியோவில் வைத்தோம். டீ நேரத்தில் இருந்தவர்கள் எல்லாம் அங்கே கூடினார்கள். நான் கேன்டீனுக்கும் டிபார்ட்மென்டுக்கும் நடுவே இருக்கும் கண்ணாடிக் கதவருகே நின்றேன். பேரும் ஊரும் சொல்லி ரேடியோவில் பாட்டு ஆரம்பித்ததும், கதவு வழியே கையைத் தூக்கிக் காட்டினேன். பதினாலாம் நம்பரில் இருளாயி அதைப் பார்த்தாள். நடந்துகொண்டே பாட ஆரம்பித்தாள்.

என் காதில் ரேடியோ. என் கண்ணில் அவள் உதடு. வானம் பாத்த என்று இங்கே கேட்கும்போது அங்கே உதடு வானம் பாத்த என்றது. இழை ஒட்டக் குனிந்தாள், நிமிர்ந்தாள், இன்னொன்றை ஒட்டினாள், ஒரு அட்சரம் முன்னே பின்னே போகவில்லை. மாஸ்டரும் எனக்குப் பின்னால் வந்து நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அந்த மாதிரி ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அவள் பிறகு நிரந்தரமானாள், இருபது வருடத்துக்கு மேல் சைடராகவே வேலை பார்த்தாள், சில மாதங்களுக்கு ஒருமுறை ரேடியோவிலும் பாடினாள். ஒன்றை விட்டுவிடு என்று அவளுக்குச் சொன்னேன் அல்லவா? அதைவிட மடத்தனமாக நான் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. இப்போது இளைஞர்கள் யாராவது வந்து வேலையா, கலையா என்று கேட்டால், எதை விடலாம் என்று நான் சொல்வதில்லை. எட்டு மணி நேரம் உன் காதில் என்ன சத்தம் விழுகிறது என்று கேட்கிறேன். அதை உன் சுதிக்குக் கொண்டுவர வழி இருக்கிறதா பார் என்கிறேன். ஆர்மோனியத்தை நான் மறுபடி பரணில் ஏற்றவில்லை.

அன்று பாட்டு முடிந்த அதே நொடியில் அவள் உதடும் மூடியது. ரேடியோவில் தான் பாடியதை அவள் ஒருத்திதான் கேட்கவில்லை. மிஷினைத் தாண்டி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

'சுதி சேந்துச்சாண்ணே?'

'சேந்துச்சு தாயி' என்றேன் நானும், சத்தமில்லாமல்.