ஐந்தரை மணி மடை

தியாகராசன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியாது. அவன் பெண்டாட்டி அனுராதாவுக்கே தெரியாது. கேட்டால் "கம்ப்யூட்டர்ல ரிப்பேர் வேலை" என்பாள். அதை நம்பி ஒருத்தர் ஓடாத பிரிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. கோழி ஏறி உட்காருகிறது.

ரிப்பேர் வேலை என்பது பொய்யில்லை. ஒரு வெப்சைட்டில் நாம் பார்ப்பது முன்பக்கம். விவரமெல்லாம் கிடப்பது பின்னால், டேட்டாபேஸ் என்கிற குடோனில். முன்னால் நிற்கிறவனுக்குக் குடோனில் எது எங்கே அடுக்கியிருக்கிறது என்று தெரியாது. நடுவில் ஒரு லோடுமேன் வேண்டும், கேட்டதை எடுத்துக் கொடுக்க, கொடுத்ததை வாங்கி அடுக்க. அந்த லோடுமேன் வேலையைச் செய்கிற புரோகிராம் ஒன்று இருக்கிறது. லைப்ரரி என்பார்கள். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து சும்மா எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டது. சும்மா எழுதியது என்பதால் ஓட்டை உடைசல் நிறைய. அப்பன் பதிவை அழித்தால் பிள்ளைப் பதிவுகளை அநாதையாக விட்டுவிடும். ஒரே பேரில் இரண்டு பேர் வந்தால் ஒருத்தரை விழுங்கிவிடும். உலகத்தில் எவனாவது ஒருவன் இப்படி ஒரு புகார் எழுதிப் போடுவான். தியாகராசன் அதைத் தோண்டி, எங்கே கோளாறு என்று பார்த்து, திருத்தி அனுப்புவான். சம்பளம் கிடையாது.

சென்னையில் கம்பெனி வேலை இருந்தது. ஒருநாள் அவன் இருந்த பிரிவையே மூடினார்கள். நாற்பதைத் தாண்டியவனைக் கூப்பிட்டு வேலை கொடுக்க ஆளில்லை. நன்னிலத்துக்குக் கிழக்கே இருக்கிற சொந்த ஊருக்கே வந்துவிட்டான். இந்த மாதிரி இலவச வேலையெல்லாம் செய்து காட்டினால் எவனாவது பார்த்து வேலைக்குக் கூப்பிடுவான் என்று ஒரு நண்பன் சொன்னான். மூன்று வருஷம் ஆகிவிட்டது, எவனும் கூப்பிடவில்லை. ஆனால் அந்த வேலையை அவன் விடவில்லை. அனுராதா மருந்துக் கடையில் நின்று சம்பாதிப்பதில் வீடு ஓடுகிறது.

டீக்கடையில் அவனைப் பார்த்துவிட்டால் துரைராசுவுக்குக் குஷி. துரைராசு ஊர் வாய்க்கால் பாசனச் சங்கத்தின் தலைவர். மேல்மடைக்காரர், தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அவர் வயல்தான்.

"என்ன மாப்ள, வெள்ளக்காரன் வயல்ல களை பறிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் இல்லிங்க மாமா."

"கூலி குடுக்குறானா?"

"இல்லிங்க."

"டீயாச்சும் வாங்கித் தர்றானா?"

அதற்குள் கடைக்காரரே சிரித்துவிடுவார்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. ஆற்றிலேயே முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள், அதனால் வாய்க்காலிலும் முறை. மேல்மடைக்காரர்கள் ஆளுக்கு அரை நாள், காலை ஏழு மணிக்கு ஒரு மாற்று, சாயங்காலம் ஒரு மாற்று. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கடைமடைக்கு, ஆற்றில் தண்ணீர் இல்லாத வாரம் அதுவும் கிடையாது. அன்றைக்கு மட்டும் சங்கு நேரத்துக்கே மாற்ற வேண்டும். சங்கு என்றால் அரவை மில் சங்கு, காலை ஐந்தரை. மில்லை மூடி, மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஆனால் ஐந்தரைக்கு ஊரில் இன்னும் சங்கு நேரம் என்றுதான் பெயர். அந்த நேரத்துக்கு மேலே இருக்கிற அத்தனை பேரும் மடையை அடைத்தால்தான் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து உச்சிப்பொழுதுக்காவது கீழே போய்ச் சேரும்.

அந்தக் கடைசி மடை தியாகராசனின் அக்கா ஆனந்தவல்லியுடையது. புருஷன் செத்த பிறகு அவள் ஒருத்தியாகவே குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறாள். அங்கே போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். நாகூர்க் கடல் அவ்வளவு கிட்டத்தில். வாய்க்கால் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் வைக்கோல்.

முறை வந்தால் தினமும் சண்டை. எனக்குத் தெரியாது, உனக்குச் சொன்னேன், யார் சொன்னது என்று. தியாகராசன் சங்கத்துக்கு ஒரு சின்ன வெப்சைட் செய்து கொடுத்தான். யார் முறை எப்போது என்று அதில் போட்டுவிட்டால் உரியவனுக்கும், மடை அடைக்க வேண்டியவர்களுக்கும் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் போனில் தகவல் போய்விடும். அந்த லைப்ரரியை வைத்துத்தான் செய்தான். ஊருக்காக அவன் செய்த வேலையில் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். துரைராசுவே ஒத்துக்கொண்டார். "பரவால்ல மாப்ள, கரையில நடக்குற வேல மிச்சம்" என்றார்.

ஆரம்பத்திலேயே அக்கா கூப்பிட்டாள். "எல்லாருக்கும் வருதாம், எனக்கு மட்டும் வரலியேடா தம்பி."

உட்கார்ந்து தோண்டினான். நேரத்தை அந்தக் குடோன் லண்டன் கணக்கில்தான் அடுக்கும். நம்ம காலை ஐந்தரை லண்டன் கணக்கில் சரியாக நள்ளிரவு, பூஜ்யம் மணி. லோடுமேனுக்குப் பூஜ்யம் என்றால் வெற்றிடம். ஒன்றுமே எழுதவில்லை என்று எடுத்துக்கொண்டு அந்த முறையையே தள்ளிவிடும். மற்ற யாருக்கும் கோளாறு இல்லை, ஏழு மணிக்கு லண்டனில் ஒன்றரை என்று ஒரு கணக்கு இருந்தது. சங்கு நேரத்துக்குத்தான் இல்லை. உலகத்தில் வேறு எவனுக்கும் இது இடித்திருக்காது. எவன் நள்ளிரவில் மடை மாற்றுகிறான்?

அவசரத்துக்கு ஐந்து முப்பத்தொன்று என்று மாற்றிப் போட்டான். தகவல் ஒழுங்காகப் போனது. அதோடு விட்டிருக்கலாம்.

மறுநாள் டீக்கடையில் துரைராசு போனை நீட்டிக் காட்டினார். "அது என்ன மாப்ள முப்பத்தொண்ணு? சங்கு நேரம்னா சங்கு நேரந்தான். அந்த ஒரு நிமிசத் தண்ணி யாருக்குப் போவுது, ஒனக்கா?"

கடையே சிரித்தது. தியாகராசனும் சிரித்தான். ஆனால் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது. ஊரான் கோளாறையெல்லாம் வேரோடு திருத்துகிறவன், சொந்த வாய்க்காலில் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து லைப்ரரியையே திருத்த உட்கார்ந்தான். பூஜ்யம் வேறு, வெற்றிடம் வேறு என்று அதற்குப் புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு மார்கழி பாதி போனது. லைப்ரரியின் பொறுப்பாளன் மரேக் என்று ஒருவன், குளிர் தேசத்துக்காரன். அதைச் சோதித்துக் காட்டு என்பான், இதைச் சோதித்துக் காட்டு என்பான். எல்லாவற்றையும் இவன் காட்டினான். கடைசியில், நல்ல வேலை, சேர்த்துக்கொண்டேன் என்று மரேக் எழுதினான். புதுப் பதிப்பு வந்தது. திருத்தியவர்கள் வரிசையில் இவன் பெயரும் இருந்தது.

அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவள் வரப்பில் நின்றுகொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இங்கிலீசுல இருக்கு. இதுல எது ஒன் பேரு?"

"இந்தா, இது."

அவள் விரலால் தொட்டதும் திரை நகர்ந்து பெயர் மேலே ஓடிவிட்டது. "போச்சேடா" என்றாள். பிறகு, "ஒலகம் பூரா பாக்குமா?" என்றாள்.

"பாக்கும்."

"அப்பா இருந்திருக்கணும்."

அன்றைக்கே முப்பத்தொன்றை அழித்து ஐந்தரை என்று போட்டான். இன்னொன்றும் செய்தான். லைப்ரரிக்குப் புதுப் பதிப்பு வந்தால் சங்கத்து வெப்சைட் தானாகவே எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்தான். தன் கைவேலை சேர்ந்த லைப்ரரி அல்லவா, அதை நம்பாமல் எதை நம்புவது? டீக்கடையில் துரைராசுவிடம், "சங்கு நேரத்துக்கே வரும் பாருங்க மாமா" என்றான். வந்தது. துரைராசு அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மழை கார்த்திகையோடு நின்றுபோயிருந்தது. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வந்ததால் அக்காவின் நடவும் பிந்தியிருந்தது. பொங்கல் முடிந்து, மற்றவர்கள் வயல் பழுக்கிற நேரத்தில் அவள் பயிர் பால் பிடித்துக்கொண்டிருந்தது. தை முடிவதற்குள் மேட்டூரை அடைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் கடைமடைக்கு ஒரே ஒரு முறை பாக்கி. அந்தத் தண்ணீர் ஏறினால் பால் இறுகி மணியாகும்.

அந்த வாரம் லைப்ரரிக்கு இன்னொரு பதிப்பு வந்தது. தியாகராசனுடைய திருத்தத்தை அதில் எடுத்துவிட்டிருந்தார்கள். பூஜ்யத்தை வெற்றிடம் என்றே நம்பி உலகத்தில் எத்தனையோ கம்பெனிகள் கணக்கு எழுதி வைத்திருந்தன. திருத்தம் வந்ததும் அவர்கள் கணக்கெல்லாம் குழம்பிப்போய், கூச்சல் போட்டு, மரேக் பழையபடி மாற்றிவிட்டான். அதைப் பற்றி மெயிலும் வந்தது. ஒரு நாளைக்கு வருகிற அத்தனை மெயிலோடு அதுவும் கிடந்தது. இவன் பார்க்கவில்லை. வெப்சைட் புதுப் பதிப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டது. இவன்தானே அப்படி வைத்தான்.

கடைமடை முறைக்கு யாருக்கும் தகவல் போகவில்லை. மேலே ஒருத்தரும் மடையை அடைக்கவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, போனில் வரவில்லை. பழுத்த வயலுக்குத் தண்ணீர் வேண்டாம்தான், ஆனாலும் திறந்த மடை திறந்தபடி கிடந்தது. தண்ணீர் அங்கங்கே தரிசிலும் குட்டையிலும் போய் விழுந்தது. ஆற்றிலும் அடைத்துவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போன தியாகராசன் அக்காவின் வயலைப் பார்த்தான். மண் வாய் பிளந்திருந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, தண்ணி வரலியா?"

"இந்த முறை இல்லியேடா."

"யாரு இல்லேன்னா?"

"போன்ல வரலியே."

"வரலேன்னா எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? மின்னாடி பண்ணியே."

"மின்னாடி ஒரு தடவகூட வரல, கேட்டேன். அப்பறம்தான் நீ சரி பண்ணிட்டியே. ஒலகம் பூரா பாக்குதுன்னியே." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "வரலேன்னா தண்ணி இல்லேன்னு நெனச்சேன். நீ போட்டது தப்பாவுமா?"

அங்கேயே நின்று போனில் தோண்டினான். மெயில் கிடைத்தது. படித்தான். வரப்பில் உட்கார்ந்தான்.

"என்னடா?"

"தண்ணி இருந்துச்சுக்கா."

அவள் பல் குத்திய குச்சியை வெடிப்பில் போட்டாள். பிறகு, "ஒரு நிமிசம் தள்ளி வச்சிருந்தியே, அதுக்கு என்ன கொறச்சல்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

டீசல் இன்ஜின் வைத்துக் குட்டைத் தண்ணீரை இறைத்துப் பார்த்தார்கள். சேறுதான் வந்தது. துரைராசு தன் இன்ஜினையே கொடுத்தனுப்பினார். ஒரு வார்த்தை கிண்டல் இல்லை. தியாகராசனுக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லோரும் பார்க்கிற புகார்ப் பக்கத்திலேயே மரேக்குக்கு எழுதினான். கோளாறு கோளாறுதான், இன்றைக்கு ஒரு பயிர் போய்விட்டது, என் அக்காவின் பயிர் என்று எழுதினான். எழுதியதைக் கூசாமல் அப்படியே அனுப்பினான். மரேக் மரியாதையாகத்தான் பதில் எழுதினான். மிகவும் வருந்துகிறேன், நீங்கள் சொல்வது சரி, ஆனால் இத்தனை பேர் இதை நம்பிக் கட்டிவிட்ட பிறகு இனி மாற்ற முடியாது என்று. அந்தப் புகாரின் மேல் ஒரு சீட்டையும் ஒட்டினான்: இது திருத்தப்படாது. அதற்குக் கீழே எந்த ஊர்க்காரனோ ஒருவன் எழுதியிருந்தான்: தொடங்கும் நேரத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டால் என்ன? அந்த யோசனைக்கு நிறைய பேர் கட்டைவிரல் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

மாசியில் அறுவடை மெஷின்காரர் வந்து ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"மெசின் எறக்கினா டீசலுக்கே காணாதுங்கம்மா. அத்தனையும் பதரு."

"சரிங்க, நீங்க கெளம்புங்க" என்றாள் ஆனந்தவல்லி. ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு வயலைத் திறந்துவிட்டாள். அடுத்த வருஷம் குத்தகை எடுக்கப் போவதில்லை என்றும் நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டாள். தம்பியிடம் சொல்லவில்லை. அனுராதா சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது.

சங்கக் கூட்டத்தில் துரைராசு அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "வர்ற வருசம் போன்லாம் வேணாம் மாப்ள. நானே கரையில நடந்து சொல்லிடுறேன். காலுக்கும் நல்லதுதான்."

"சரிங்க மாமா."

லைப்ரரி வேலையை அவன் விட்டானா என்றால் இல்லை. விட்டுவிட்டு என்ன செய்வது? பங்குனியில் இலங்கையிலிருந்து ஒருத்தி புகார் எழுதியிருந்தாள், சுமையா என்று பெயர். அவர்கள் ஊர்க் கடிகாரமும் நம்ம கணக்குத்தான். ஏதோ ஆஸ்பத்திரியில் காலை ஐந்தரைக்கு ஆள் மாறுகிற பட்டியலாம். ஒருத்தி பெயர் மட்டும் வருவதே இல்லை, இதைத் திருத்த முடியுமா என்று கேட்டிருந்தாள். எங்கே ஓட்டை, எந்த வரியில் ஓட்டை என்று அவனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். மரேக் ஒட்டிய சீட்டை ஒரு தடவை திறந்து பார்த்தான். பிறகு எழுதினான்: ஐந்து முப்பத்தொன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்.

உடனே பதில் வந்தது. நன்றி, வேலை செய்கிறது.

சித்திரையில் ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனான். வாய்க்கால் காய்ந்து, நடுவில் சைக்கிள் தடம் விழுந்திருந்தது. சங்கத்து வெப்சைட்டை யாரும் தொடுவதில்லை. வரப்பில் உட்கார்ந்த அன்றைக்கே அவன் முப்பத்தொன்று என்று மாற்றிவிட்டிருந்தான். அது பாட்டுக்கு வாரா வாரம் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுத்த ஒரு நொடி போதும். போய் நிறுத்த அவனுக்குக் கை வரவில்லை.

அக்கா குடிக்க மோர் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா பாரு, நேத்து வந்துச்சு. மடை தெறந்துக்கணுமாம்."

அவன் மோரைக் கீழே வைத்தான்.

"இப்பல்லாம் தப்பாம வருதுடா" என்றாள்.